கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்கள்: வெண்புள்ளி நோயும் அதன் நிவாரணமும்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டியொன்றை அமைத்து, அதில் கடல் நீர் நிரப்பி, வர்ண மீன்களை வளர்க்கும் வழக்கம் நம் பட்டணங்களிலும் கடற்கரை ஊர்களிலும் பரவியிருக்கிறது. குளத்து மீன்களை வளர்ப்பதைக் காட்டிலும் இது செலவு மிக்கது; கவனமும் அதிகம் வேண்டுவது. இவ்விதம் வளர்க்கப்படும் கடல் மீன்களில் கோமாளி மீன் முதன்மையானது. அதன் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிப்பித்து வளர்க்கும் முறை மண்டபம் முதலிய இடங்களிலுள்ள ஆராய்ச்சி நிலையங்களில் கைவந்துவிட்டமையால், கடலில் பிடிக்காமலே மீன் பெறுவதற்கு வழி ஏற்பட்டிருக்கிறது. ஆயினும், ஆசையோடு வாங்கிய மீன்கள் ஒரே வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதப்பதைக் கண்டு, மனம் வெறுத்துத் தொட்டியைக் காலி செய்துவிடுகிறவர்கள் அநேகர்.

இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. நோய் கண்டவுடன் கைக்குக் கிடைத்த மருந்தைத் தொட்டியில் ஊற்றுவதும், மீனின்மேல் புள்ளி மறைந்தவுடன் நோய் நீங்கிற்று என்று எண்ணிச் சிகிச்சையை நிறுத்துவதுமே பெரும்பாலும் சாவுக்குக் காரணமாகின்றன. வெண்புள்ளி நோயின் கிருமி மீனின் உடலில் சில நாட்களே தங்குவது. மற்ற நாட்களில் அது தொட்டியின் மணலிலும் கல்லிலும் தங்குவது. ஆதலால், மீனுக்குச் சிகிச்சை ஓரிடத்திலும், தொட்டிக்குச் சிகிச்சை வேறு விதத்திலும் செய்யப்படவேண்டும். இதை அறிந்தவருக்கு மற்றவை எளிது.

முதலில் நீரைச் சோதிக்க

மீன் நீரின் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, செவுள் வேகமாக அசைகிறது, இரையை ஏற்பதில்லை. இவ்வறிகுறிகளைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடலாகாது. நீர் கெட்டிருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் மிகுந்த இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிதாக அமைத்த தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்குப் பல வாரங்கள் செல்லும். அதற்கு முன்னர் மீன்களை நெருக்கமாக விட்டால், அவை தம் கழிவின் நஞ்சினாலேயே மடியும்.

ஆகையால் அம்மோனியா, நைட்ரைட் ஆகிய இரண்டும் சோதனையில் பூஜ்யமாக இருத்தல் வேண்டும். நீரின் காரநிலை 8.1 முதல் 8.4 வரையிலும், உஷ்ணம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும், உப்புமானியின் காட்டல் 1.023 முதல் 1.025 வரையிலும் இருப்பது நலம். நம் நாட்டுக் கோடையில் தொட்டி நீர் எளிதில் சூடேறிவிடும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது; மீனுக்கோ உஷ்ணத்தில் பிராணவாயு அதிகம் தேவைப்படுகிறது. எனவே கோடையில் காற்றுக் குழாயை இரவும் பகலும் ஓடவிடுதல் அவசியம்.

மற்றொரு பிழையும் சாதாரணமாக நேருகிறது. வெயிற்காலத்தில் தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால், அதற்கு ஈடாகக் கடல் நீரையே ஊற்றுகிறார்கள். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஆகவே குறைந்த அளவுக்குக் குளோரின் நீக்கிய நன்னீரைத்தான் ஊற்றவேண்டும். இல்லையேல் நாளடைவில் உவர்ப்பு மிகுந்து, மீன் நலிந்து, நோய்க்கு இலகுவில் இடங்கொடுக்கும்.

நோயை இனங்காணும் விதம்

நீர் சரியாயிருந்தும் மீன் நலிவுற்றால், பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி கொண்டு அதன் உடலையும் துடுப்பையும் பார்த்தல் வேண்டும். சாதாரணமாகக் காணும் நோய்கள் பின்வருவன.

வெண்புள்ளி நோய்: துடுப்புகளிலும் உடலிலும் உப்புத் தூவினாற்போல் தனித்தனியான வெண்புள்ளிகள் தோன்றும். மீன் கல்லிலும் மணலிலும் உடலை உராய்ந்து கொள்ளும். சில சமயங்களில் புள்ளிகள் செவுளில் மாத்திரம் உண்டாகி வெளியே தெரியாமலிருப்பதும் உண்டு.

வெல்வெட் நோய்: புள்ளிகள் மிக நுண்ணியவை, மாவோ மஞ்சள் தூளோ படிந்தாற்போல் உடல் மங்கித் தோன்றும். மீன் மிக வேகமாக மூச்செறியும். வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும். நீர் பாயும் குழாயின் எதிரே போய் நிற்கும். புள்ளி தெரிவதற்கு முன்னரே இரண்டு மூன்று நாட்களில் சாவு நேரிடலாம். ஆதலால் எல்லாவற்றிலும் இதுவே அவசரமானது.

கோமாளி மீனின் சளி நோய்: புரூக்லினெல்லா என்னும் நுண்ணுயிரால் வருவது. உடலெங்கும் வெண்மையான சளி திரண்டு, தோல் உரிந்து தொங்குவது போலக் காணப்படும். இதற்குத் தாமிர மருந்து போதியதன்று. மீன் நோய் அறிந்த வைத்தியரின் மேற்பார்வையில் பார்மலின் குளிப்புக் கொடுப்பதே வழக்கம். பார்மலின் மனிதரின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதி செய்வதாகையால், பழக்கமில்லாதவர் அதனைக் கையாளலாகாது.

தட்டைப்புழு: கண்ணாடி போன்ற நிறமற்ற புழுக்கள் தோலிலும் கண்ணிலும் ஒட்டியிருக்கும். கண் மங்கும், மீன் உடலை உராயும். சிறிது நேரம் நன்னீரில் விட்டால் இவை வெண்மையடைந்து உதிர்வதைக் கண்ணாற் காணலாம்.

துடுப்பு அழுகல், புண், கண் வீக்கம் ஆகியவை பாக்டீரியாக்களால் வருவன. இவை பெரும்பாலும் காயத்தையோ கெட்ட நீரையோ பின்தொடர்ந்து வருகின்றன. ஆரம்பத்தில் நல்ல நீர் ஒன்றே பல சமயங்களில் போதும். ஆன்டிபயாடிக் மருந்துகளை வைத்தியரின் யோசனையின்றி உபயோகித்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறிவிடும்.

வெண்புள்ளிக் கிருமியின் வாழ்க்கை

கடல் மீனின் வெண்புள்ளி நோயை ஜப்பானில் சிகாமா என்பவர் 1937-ஆம் ஆண்டில் விவரித்தார். 1951-ஆம் ஆண்டில் பிரவுன் என்னும் ஆராய்ச்சியாளர் இக்கிருமிக்குக் கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்று பெயரிட்டார். இதன் வாழ்க்கை நான்கு பருவங்களைக் கொண்டது.

முதற்பருவத்தில் கிருமி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அதன் சதையைத் தின்று வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுவே. இப்பருவம் 3 முதல் 7 நாள் வரை நீடிக்கும். தோலுக்கு அடியில் இருப்பதால் நீரில் இட்ட மருந்து இதனைத் தாக்குவதில்லை.

இரண்டாம் பருவத்தில் கிருமி மீனை விட்டு வெளியேறுகிறது. இது பெரும்பாலும் இருளில், விடியற்காலத்தை ஒட்டி நிகழ்கிறது. வெளியேறிய கிருமி சில மணி நேரம் தொட்டியின் அடியில் ஊர்ந்து, இடம் தேடுகிறது.

மூன்றாம் பருவத்தில் அது மணலிலோ, கல்லிலோ, கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கடினமான கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டினுள் அது பிரிந்து பிரிந்து, 200 வரையிலும் குஞ்சுகளாகப் பெருகுகிறது. கூடு உடைவதற்குக் குறைந்தது 3 நாளாகும். சாதாரணமாக 4 வாரத்திற்குள் உடைந்துவிடும். 72 நாள் வரை சென்று உடைந்ததும் ஆராய்ச்சியில் காணப்பட்டிருக்கிறது. கூட்டின் ஓட்டைத் தாண்டி மருந்து உள்ளே செல்வதில்லை.

நான்காம் பருவத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளிப்பட்டு, நீந்தி, மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாட்களுக்குள் மீன் அகப்படாவிட்டால் அவை மடிந்துபோகும். மருந்துக்கு அகப்படுவது இப்பருவம் ஒன்றே.

இதனால் விளங்குவது யாது? திங்கட்கிழமை கண்ட புள்ளிகள் வெள்ளிக்கிழமை மறைந்தால், மீன் பிழைத்தது என்று வளர்ப்பவர் மகிழ்கிறார். உண்மையில் கிருமிகள் மீனை விட்டு இறங்கி, மணலில் கூடு கட்டிப் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒரு வாரமோ இரண்டு வாரமோ சென்றபின் ஒன்றுக்கு நூறாகத் திரும்பி வருகின்றன. கடலில் மீன் நீந்திப் போய்விடுவதால் குஞ்சுகளிற் பெரும்பாலானவை அதனைக் காணாமல் மடியும். நான்கு கண்ணாடிக்குள் அடைபட்ட மீனுக்குத் தப்ப வழியில்லை. இரண்டாம் முறை வரும் நோயில்தான் தொட்டி முழுவதும் அழிகிறது.

தொட்டியில் மருந்திடலாகாது

மீன்கள் வாழும் தொட்டியில் இறால், சிப்பி, நத்தை, கடற்சாமந்தி முதலிய முதுகெலும்பற்ற பிராணிகளும் வளர்க்கப்படுவதுண்டு. மீனைக் குணப்படுத்தும் தாமிரம் இவற்றைக் கொல்லும். அன்றியும், சுண்ணாம்புச் சத்துள்ள மணலும் கல்லும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகையால் நீரில் மருந்தின் அளவு நிலையாக நிற்பதில்லை. மருந்து நல்ல பாக்டீரியாக்களையும் கெடுத்தால், அம்மோனியா ஏறி, நோயாளி மீனுக்கு இரட்டைத் துன்பம் உண்டாகும். ஆதலின் மீன்களை வேறிடத்திற்கு மாற்றியே சிகிச்சை செய்யவேண்டும். புள்ளி தெரியும் மீனை மாத்திரம் எடுத்தாற் போதாது. தொட்டியிலுள்ள எல்லா மீன்களையும் எடுத்தல் வேண்டும்.

சிகிச்சைத் தொட்டிக்கு 50 லிட்டர் கொள்ளும் சாதாரணக் கண்ணாடித் தொட்டி, இரண்டு மூன்று சிறு மீன்களுக்குப் போதும். அடியில் மணலோ கல்லோ இடலாகாது. மீன் ஒளிந்து கொள்வதற்குப் பி.வி.சி. குழாய்த் துண்டுகள் சில போதுமானவை. காற்றுக் குழாயும் பஞ்சு வடிகட்டியும் வேண்டும். நோயில்லாத காலத்திலேயே ஒரு பஞ்சைப் பெரிய தொட்டியில் ஊறவைத்திருந்து, நல்ல பாக்டீரியாக்கள் குடியேறியபின் அதனை எடுத்துக் காயாமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம். நோய் கண்டபின் அத்தொட்டியின் பஞ்சை எடுத்தால் கிருமிக் கூடுகளும் உடன் வரும். இரையைக் குறைவாக அளித்து, மிகுதியை உடனே எடுத்துவிட்டு, அம்மோனியாவைத் தினமும் சோதித்து, வேண்டியபோது கால்பங்கு நீரை மாற்றவேண்டும். மாற்றும் நீரின் உஷ்ணமும் உவர்ப்பும் பழைய நீருக்கு ஒத்திருத்தல் அவசியம்.

மூன்று நாள் மாற்று முறை

வெண்புள்ளி நோய்க்கு மருந்தே இல்லாமல் செய்யக்கூடிய சிகிச்சை ஒன்று உண்டு. வெளியேறிய கிருமியின் கூடு உடைவதற்குக் குறைந்தது 3 நாளாகும் என்பது மேலே கூறப்பட்டது. அந்த 3 நாளுக்குள் மீனை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிட்டால், கூடுகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். குஞ்சுகள் வெளிவரும்போது அங்கே மீன் இராது.

இதற்கு இரண்டு தொட்டிகள் வேண்டும். பிளாஸ்டிக் தொட்டிகளே போதும். முதல் நாள் மீன்களை முதல் தொட்டியில் விடவேண்டும். 4-ஆம் நாள் இரண்டாம் தொட்டிக்கும், 7-ஆம் நாள் முதல் தொட்டிக்கும், 10-ஆம் நாள் இரண்டாம் தொட்டிக்கும் மாற்றவேண்டும். 13-ஆம் நாள் வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றிக் கவனித்து வரலாம். ஒவ்வொரு முறையும் 72 மணி நேரம் கடப்பதற்கு முன்னர் மாற்றிவிட வேண்டும். மீன் வெளியேறியவுடன் அந்தத் தொட்டியையும், அதிலிருந்த குழாய்த் துண்டு, காற்றுக்கல், வலை ஆகியவற்றையும் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாதபடி வெயிலில் உலர்த்தல் வேண்டும். உலர்ந்தால் கூடுகள் மடியும். மீனோடு பழைய நீரைக் கொண்டு செல்லலாகாது. மூன்று நாட்களுக்கொருமுறை புதிய கடல் நீர் கிடைப்பதால் அம்மோனியாவின் தொல்லையும் குறைவு. கடல் நீர் எளிதில் கிடைப்பவருக்கு இம்முறை மிகவும் ஏற்றது. வெல்வெட் நோய்க்கோ இதனை நம்பியிருத்தல் கூடாது.

மயில்துத்தம்

திராட்சைக்கும் காப்பிக்கும் தெளிக்கும் போர்டோ கலவையிலுள்ள மயில்துத்தத்தைக் குடியானவர்கள் நன்கு அறிவர். அதிலுள்ள தாமிரமே கடல் மீனின் வெண்புள்ளி நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும் மருந்தாகிறது. ஆனால் தோட்டத்திற்கு வாங்கும் துத்தம் கலப்புள்ளதாகையால் மீனுக்கு உதவாது. இரசாயன சாலைக்குரிய சுத்தமான துத்தத்தையே வாங்கவேண்டும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தூரம் இங்கே மிகக் குறுகியது. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை தாமிரம் இருந்தால் கிருமி மடியும், குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் மீன் மடியும்.

துத்தத்தின் எடையில் ஏறக்குறைய கால்பங்கே தாமிரம். ஆகவே பொன் நிறுக்கும் சிறு தராசில் 4 கிராம் துத்தம் நிறுத்து, 1 லிட்டர் வாலைநீரில் கரைத்தால், அக்கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஏறக்குறைய 1 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீரின் உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதற்கு 0.15 அளவு வருவதற்கு ஏறக்குறைய 8 மில்லிலிட்டர் கரைசல் வேண்டும். இதனை ஒரே தடவையில் ஊற்றாமல், முதல் நாள் 3, இரண்டாம் நாள் 3, மூன்றாம் நாள் 2 மில்லிலிட்டர் என்று பிரித்து இடவேண்டும்.

கடல் நீரில் தாமிரம் சிறிது சிறிதாகப் படிந்து குறையும். எனவே தாமிரம் அளக்கும் சோதனைப் பெட்டியைக் கொண்டு தினமும் இருமுறை அளந்து, குறைந்த அளவை ஈடு செய்யவேண்டும். சோதனைப் பெட்டி இல்லாதவர் தாமிரத்தைத் தொடாதிருப்பதே மேல். வெண்புள்ளி நோய்க்கு 3 முதல் 6 வாரமும், வெல்வெட் நோய்க்குக் குறைந்தது 3 வாரமும் இவ்வளவு இடைவிடாமல் இருத்தல் வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கவேண்டும். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைத் தாமிரத்தோடு சேர்த்தால் நஞ்சு மிகும், சேர்க்கலாகாது. கடைகளில் விற்கும் வேறு வகைத் தாமிர மருந்துகளுக்கு அளவு வேறு. அவற்றின் சீட்டிலுள்ளபடியே நடக்கவேண்டும். சுறா, திருக்கை இனங்களுக்குத் தாமிரம் ஆகாது. கரைசல் புட்டியில் ‘விஷம்’ என்று எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும். மருந்து நீரைக் கிணற்றின் அருகிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது.

மற்ற முறைகள்

நீரின் உப்பை லிட்டருக்கு 35 கிராமிலிருந்து சிறிது சிறிதாக 15 கிராமுக்கும் கீழே இறக்கி, 3 முதல் 4 வாரம் வைத்திருந்தாலும் வெண்புள்ளிக் கிருமி பெரும்பாலும் மடியும். ஆயினும் குறைந்த உப்பைத் தாங்கும் கிருமி வகைகளும் உண்டு. வெல்வெட் நோய்க் கிருமியோ இதற்கு அஞ்சுவதேயில்லை. நன்னீர்க் குளிப்பு, தட்டைப்புழுவுக்கு நல்லது. வெல்வெட் நோயிலும் தற்காலச் சுகம் தரும். குளோரின் நீக்கி, உஷ்ணமும் காரநிலையும் ஒத்த நன்னீரில் 3 முதல் 5 நிமிஷம் வரை மீனை விட்டு, அருகிலேயே இருந்து கவனித்து, அது நிலை தடுமாறினால் உடனே கடல் நீரில் விடவேண்டும். தோலுக்கடியில் புதைந்த வெண்புள்ளிக் கிருமிக்கு இக்குளிப்பினால் பயனில்லை. இரையில் பூண்டு கலப்பதும், துப்புரவு இறாலை விடுவதும் இந்நோயைத் தீர்க்கும் என்று நம்பி நாளைக் கழிப்பது வீண்.

தொட்டியைத் தரிசு போடுதல்

மீன் சிகிச்சை பெறும் காலத்தில் பெரிய தொட்டியை மீனின்றி விட்டுவைக்கவேண்டும். ஒரு பயிரைத் தின்னும் பூச்சியை, அப்பயிரைச் சில போகம் இடாமல் பட்டினி போட்டு ஒழிப்பதைப் போன்றது இது. கூடு 72 நாள் வரை நின்றதாகக் காணப்பட்டிருப்பதால், 76 நாள் தரிசு விடுவது பத்திரமானது. அதுவரையில் ஒரு சிறு மீன்கூட உள்ளே இருத்தலாகாது. ஒன்று இருந்தாலும் நோய் அதனைப் பற்றிப் பிழைத்துக்கொள்ளும். இறாலும் நத்தையும் இந்நோயைத் தாங்குவதில்லையாதலால் தொட்டியிலேயே இருக்கலாம். நீரை 27 டிகிரி அளவில் வைத்து, நன்றாக ஓடவிட வேண்டும். குளிர்ந்த நீரில் கூடுகள் நெடுநாள் நிற்கும். நல்ல பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்காதபடி இடையிடையே சிறிது இரை இட்டு வருதல் வேண்டும்.

வருமுன் காத்தல்

மேற்கூறிய தொல்லைகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வாயிலாக வருகின்றன. அது புதிதாக வாங்கும் மீன். சந்தையில் வாங்கிய மாட்டை உடனே தொழுவத்தில் கட்டாமல் சில நாள் தனியே கட்டிப் பார்ப்பது போல, புதிய மீனையும் 30 நாள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தபின்னரே மற்ற மீன்களோடு சேர்க்கவேண்டும். கடையிலிருந்து மீனோடு வந்த நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. வாங்கும்போது மீன் இரை எடுப்பதைக் கண்ணாற் கண்டு வாங்கவேண்டும். வலை, வாளி முதலியவற்றைத் தொட்டிக்குத் தனித்தனியே வைத்து, உபயோகித்தபின் வெயிலில் உலர்த்தவேண்டும். செத்த மீனை உடனே எடுத்துப் புதைக்கவேண்டும். தொட்டியை அழகு செய்யக் கடலிலிருந்து பவளம் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

ஒரு சிறு கண்ணாடித் தொட்டி, ஒரு காற்றுக் குழாய், ஒரு பஞ்சு வடிகட்டி, இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், ஒரு சோதனைப் பெட்டி ஆகிய இவற்றின் விலை, நோயில் இழக்கும் மீன்களின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவே. மீன் வாங்குவதற்கு முன்னர் இவற்றை வாங்கி வைத்திருப்பவர், முதல் புள்ளி தோன்றிய அன்றே சிகிச்சையைத் தொடங்கலாம். வெண்புள்ளி நோயில் முதல் வாரத்தில் தொடங்கியவரின் மீன்கள் பெரும்பாலும் பிழைக்கும். இரண்டாம் முறை புள்ளி தோன்றும்வரை காத்திருந்தவருக்கு மிஞ்சுவது சொற்பமே.